ஒரு பேருக்கு ஒரு நாய்

அப்பா இறந்து பதினோரு நாள் ஆகிவிட்டது. அவர் விட்டுப்போன நாய்க்கு இன்னும் பேர் இல்லை.

அவரைத் தெரியாதவர்களுக்கு இது பெரிய விஷயமாகப் படாது. தெரிந்தவர்களுக்குத்தான் வியப்பு. அந்த வட்டாரத்தில் நாய் வளர்க்கிற வீடுகளில் பாதிக்கு மேல், அப்பா வைத்த பேரைத்தான் வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இல்லாவிட்டால் அப்பா சரி என்று ஒப்புக்கொண்ட பேரை.

கால்நடை மருத்துவமனையில் அவர் பதிவு எழுத்தர். முப்பத்திரண்டு வருஷம் அதே ஜன்னல், அதே மர நாற்காலி. வருகிற ஒவ்வொரு நாய்க்கும் ஓர் அட்டை எழுதுவார். எடை, வயது, நிறம், போட்ட ஊசி, அடுத்த ஊசி. அதனால் ஊருக்கு அவர் அட்டைக்காரர். அட்டைகளை நீளமான மரப்பெட்டிகளில் அகர வரிசையில் அடுக்கி வைப்பார். ஆளின் பேர் வரிசையில் அல்ல, நாயின் பேர் வரிசையில். ஆள் வீடு மாறுவான், போன் நம்பரை மாற்றுவான், சமயத்தில் நாயையே மச்சான் தலையில் கட்டிவிடுவான். நாயின் பேர் மட்டும் அப்படியே இருக்கும் என்பது அவர் கணக்கு.

அந்தப் பெட்டிகளுக்கு ஒரு சட்டம் இருந்தது. உயிரோடு இருக்கிற இரண்டு நாய்களுக்கு ஒரே பேர் கிடையாது.

"பேர்?"

"டாமி சார்."

"டாமி இருக்கு. வேற சொல்லுங்க."

"இருக்குன்னா என்ன சார்? இது எங்க டாமி."

"அது அவங்க டாமி. நல்லாச் சாப்பிடுது, இன்னும் அஞ்சாறு வருஷம் இருக்கும். வேற சொல்லுங்க."

ஆள் விழிப்பான். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் ஆளுக்கொன்று எடுத்துவிடுவார்கள். ராஜா, ராக்கி, பிளாக்கி, ரோஸி. எல்லாவற்றுக்கும் அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார். இருக்கு. இருக்கு. ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா குடுத்திருப்பேன், இப்ப இருக்கு. கடைசியில் நாயைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், ஆளின் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். இப்படித்தான் அந்த ஊரில் பித்தான் என்று ஒரு நாயும், ரசீது என்று ஒரு நாயும், முக்கால் என்று ஒரு நாயும் உலாவின. குக்கர் என்று ஒன்று இருந்தது. பேருக்கேற்ற மாதிரி மூன்று முறைதான் குரைக்கும் என்று அதை வளர்த்தவர்கள் பெருமையடித்துக்கொள்வார்கள்.

ஒரு முறை வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், மேனேஜர் என்று பேர் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். "மேனேஜர், வெளிய போ"ன்னு ஒரு நாளாவது சொல்லிப் பாக்கணும் சார், என்றார். வரிசையே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை.

"உங்க மேனேஜர் வீட்டுக்கு வருவாரா?"

"எப்பவாவது வருவாரு."

"அப்ப வேண்டாம். அவர் உள்ள வர்ற நேரத்துல உங்க வீட்டம்மா நாயைத் திட்டுவாங்க. வேலை போயிடும்."

இன்னொரு முறை புதிதாகக் கல்யாணமான ஜோடி. மாப்பிள்ளை, பிங்கி என்றான். "அது யாரு பிங்கி?" என்றாள் பெண். சும்மா தோணுச்சு என்றான். அவன் சொன்ன வேகம் அவளுக்குப் பிடிக்கவில்லை. அப்பா பேனாவை மூடி வைத்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டு வாங்க. அதுவரைக்கும் அடுத்தவங்களைப் பாக்குறேன்" என்றார்.

கிறுக்கு என்று சொன்னவர்கள் உண்டு. தமாஷ் பேர்வழி என்றவர்கள் அதைவிட அதிகம். மகள் இந்த இரண்டையும் சொல்லவில்லை. அவள் சொன்னது பிடிவாதக்காரர்.

அதற்கு அவளிடம் ஆதாரம் இருந்தது. பத்து வயதில் அவளுக்கு ஒரு குட்டி கிடைத்தது. அட்டைப்பெட்டிக்குள் படுத்திருந்தது. டைகர் என்று பேர் வைத்தாள். அப்பா மாலையில் வந்து, "டைகர் இருக்கும்மா, இரும்புக் கடையில. வேற சொல்லு" என்றார். இது நம்ம வீடுப்பா, ஆஸ்பத்திரி இல்ல என்று அவள் அழுதாள். அம்மா கூட, "குழந்தைகிட்ட என்னங்க சட்டம் பேசுறீங்க?" என்று கேட்டாள். மறுநாள் அப்பா அட்டையில் 'பெட்டி' என்று எழுதிக்கொண்டு வந்தார். அந்த நாய் பதின்மூன்று வருஷம் இரண்டு பேர்களோடு வாழ்ந்தது. அவள் கூப்பிட்டால் டைகர், அவர் கூப்பிட்டால் பெட்டி. நாய்க்கு அதில் எந்தக் கஷ்டமும் இருந்ததாகத் தெரியவில்லை. அவளுக்குத்தான் இருந்தது. ஊராருக்கெல்லாம் யோசித்து யோசித்துப் பேர் கொடுக்கிற மனிதர், சொந்த மகளுக்கு ஒரு பேரை விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. லிஃப்ட் ஆய்வாளர். வேறொரு நகரத்தில், மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறாள். அம்மா போய் நான்கு வருஷம் ஆகிறது. ஒன்பது மாதத்துக்கு முன்னால் மருத்துவமனை வாசலில் யாரோ ஒரு நாயைக் கட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வெள்ளை உடம்பு, முதுகில் பழுப்புத் திட்டு, ஒரு காது மட்டும் நிமிர்ந்து நிற்கும். அப்பா அதை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். அன்று மாலை போன் செய்தார்.

"ஒரு பேர் சொல்லும்மா."

"ஜிம்மின்னு வைங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அது வேண்டாம். வேற சொல்லு."

"ஏன், இருக்கா?"

"இல்ல. வேற சொல்லு."

இரண்டாவது முறை கேட்டபோது வீம்புக்கு, "டைகர்னு வைங்க, இப்பவாவது" என்றாள். அவர் உடனே, "சரி, டைகர் இப்ப காலிதான். எழுதிடவா?" என்றார். அவர் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. "வேண்டாம், சும்மா சொன்னேன்" என்றாள். மூன்றாவது முறை போன மாதம். ஒரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் நின்றுகொண்டிருந்தாள். "யோசிச்சுச் சொல்றேம்ப்பா" என்றாள். யோசிக்கவில்லை.

அப்புறம் அவர் இதயம் நின்றது. காலை எட்டரை மணிக்கு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கும்போது.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்குத் திரும்ப வேண்டும். நாயைப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். ஒரே ஒரு சிக்கல். அந்தம்மா குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர், ஊசி போட்ட சான்றிதழ் இல்லாமல் நாயை உள்ளே விடமாட்டேன் என்றார். சான்றிதழுக்கு மருத்துவமனையில் கேட்டால், டாக்டரம்மா கையை விரித்தாள். அவள் வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. பொறுமைசாலி. புதிதாக வந்த கம்ப்யூட்டரோடு போராடிக்கொண்டிருந்தாள்.

"உங்க அப்பா ஊசி போட்டிருப்பாரு, அதுல சந்தேகமே இல்ல. அட்டை எங்கன்னுதான் தெரியல. நாயோட பேர் வரிசையில அடுக்கியிருக்காரு. பேரே இல்லாத நாயை எந்த எழுத்துல தேடுறது?"

"புதுசா பதிவு பண்ணிடலாமே."

"பேர் போடாம இது அடுத்த பக்கத்துக்கே போகாது. ஒரு பேர் சொல்லுங்க, அடிச்சிடறேன். எதையாவது சொல்லுங்க."

எதையாவது என்று அவளால் சொல்ல முடியவில்லை. மூன்று முறை கேட்டவருக்குச் சொல்லாததை, கேட்காத ஒரு கம்ப்யூட்டருக்குச் சொல்வதா? வாய் வரவில்லை.

நாயும் ஒத்தாசை செய்யவில்லை. ஒன்பது மாதமாக அப்பா அதை "இந்தா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அதனால் தெருவில் யார் யாருக்கு எதைக் கொடுத்தாலும் அது எழுந்து வந்துவிடும். தையல்காரம்மா, "இந்தாங்க உங்க ஜாக்கெட்" என்று சொல்லும்போதெல்லாம், வாங்க வந்தவளுக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நிற்கும்.

"உங்கப்பா எனக்கு அண்ணன் மாதிரி. வச்சுக்கறேன். ஆனா ஒரு பேரைச் சொல்லிட்டுப் போ, தாயி. நான் ஒரு நாளைக்கு முப்பது தடவை இந்தா சொல்றவ" என்றாள்.

சனிக்கிழமை காலை நாயையும் இழுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். இரண்டு வேலை. பெட்டிகளில் நாயின் அட்டையைத் தேடுவது, காலியாக இருக்கிற பேர் ஒன்றைக் கண்டுபிடிப்பது. திங்கட்கிழமை முதல் எல்லாமே கம்ப்யூட்டரில். அட்டைகளை என்ன செய்வது என்று இன்னும் யாரும் முடிவெடுக்கவில்லை.

பதிவு அறை சின்னது. ஜன்னல், மேஜை, ஆறு மரப்பெட்டிகள். மேல்வரிசை உயிரோடு இருக்கிறவை. கீழ்வரிசை இல்லாதவை. ஒரு நாய் இறந்தால் அப்பா அதன் அட்டையில் குறுக்கே ஒரு கோடு போட்டு, தேதி எழுதி, கீழே இறக்கிவிடுவார். அதன் பேர் காலியாகும். அடுத்து வருகிறவருக்குக் கிடைக்கும்.

நாயை நாற்காலிக் காலில் கட்டினாள். அது நாற்காலியை முகர்ந்து பார்த்துவிட்டு அதன் அடியிலேயே படுத்துக்கொண்டது. அவள் முதல் பெட்டியை இழுத்து, மூடியைத் திறந்தாள்.

மூடியின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அப்பாவின் கையெழுத்து. மூன்றே வரி.

ஒரு பேருக்கு ஒரு நாய்.
கூப்பிடுகிறவர் யார் என்று எழுத வேண்டும்.
அவர் கூப்பிட்டால்தான் நாய் உள்ளே போக வேண்டும்.

கீழே ஒரு தேதி. இருபத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய தேதி.

அவள் வேலையே விதிகளோடுதான். லிஃப்ட் கதவு முழுக்க மூடாமல் நகரக் கூடாது என்று ஒரு விதி இருந்தால், மூடாமல் நகர்ந்த லிஃப்ட் ஒன்று எங்கோ இருந்திருக்கும். கயிற்றை இத்தனை மாதத்துக்கு ஒரு முறை அளக்க வேண்டும் என்றால், அளக்காத கயிறு ஒன்று அறுந்திருக்கும். சும்மா உட்கார்ந்து யாரும் விதி எழுதுவதில்லை. இந்த மூன்று வரியையும் அவள் நின்றபடி இரண்டு முறை படித்தாள். தமாஷுக்கு எழுதுகிறவர் தேதி போடமாட்டார்.

பேர் தேடுவதை விட்டுவிட்டாள். கீழ்வரிசைப் பெட்டிகளை இழுத்து, அந்தத் தேதிக்கு முந்தைய அட்டைகளைப் பார்த்தாள். அப்போது சட்டம் எதுவும் இல்லை. மணி ஒன்பது, ராஜா ஏழு, டாமி பதினொன்று. எது எந்த டாமி என்று தெரிய, பென்சிலால் அடையாளம் போட்டிருந்தார். கறுப்பு டாமி, மில் டாமி, நொண்டி டாமி. ஜிம்மி பதினான்கு. தேதிக்குப் பிறகு மணி வந்தது, ஒரு சமயத்தில் ஒன்றாக. அது போனதும் அடுத்த மணி. ராஜாவும் அப்படியே. ஜிம்மி மட்டும் வரவில்லை. பதினான்கு ஜிம்மியும் ஒவ்வொன்றாக இறந்து, பேர் காலியாகி, பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அவர் அதை யாருக்கும் கொடுக்கவில்லை.

போனில் அவர் பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

வெளியே போய், 'பிடி' மாமாவைக் கூப்பிட்டாள். சிகிச்சை மேஜையில் நாய்களை அசையாமல் பிடித்துக்கொள்கிற வேலை அவருக்கு. அதனால் அந்தப் பேர். அப்பா சேர்ந்த அதே வருஷம் சேர்ந்தவர். முழங்கை வரை கீறல் தழும்பு. உள்ளே வந்து, அவள் காட்டிய தாளைப் பார்த்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

"உன்கிட்ட சொன்னதே இல்லையா?"

"இல்ல மாமா."

"அம்மாகிட்ட?"

"தெரியல. ஜிம்மிக்கு என்ன ஆச்சு?"

அவர் கதவைச் சாத்திவிட்டு, பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு ரெண்டு ஜிம்மி வந்திருந்துச்சு. ஒண்ணு இளசு, காலுல கட்டி. மயக்க ஊசி போட்டுக் கீறணும். இன்னொண்ணு கிழடு. இதயம் வீக்கு. நகம் வெட்ட மட்டும்தான் வந்துச்சு. உங்கப்பா ஜன்னல்ல இருந்து, ஜிம்மின்னு சத்தம் போட்டாரு. கிழடு எந்திரிச்சு வாலை ஆட்டிக்கிட்டு வந்துடுச்சு. இளசு தூங்குது."

"கூட வந்தவங்க?"

"கிழட்டை வளர்த்தது ஒரு டீச்சரம்மா. அன்னிக்கு அவங்களால வர முடியல. எதுத்த வீட்டு ஆளுகிட்ட குடுத்து அனுப்பியிருக்காங்க. அவருக்கு எதுக்கு வந்திருக்குன்னே சரியாத் தெரியாது. கூப்பிட்டாங்க, போச்சு, பின்னாடியே வந்துட்டாரு. உங்கப்பா இளசோட அட்டையைக் குடுத்துட்டாரு. டாக்டர் அட்டையைப் பாத்தாரு. மயக்க ஊசின்னு இருந்துச்சு. நான் பிடிச்சுக்கிட்டேன்."

கூடத்தில் ஒரு நாய் குரைத்தது, இன்னொன்று பதில் சொன்னது.

"பத்து நிமிஷம். அவ்வளவுதான். அப்ப இருந்த டாக்டர், வயசாயிடுச்சுன்னு சொல்லிடலாம்யான்னாரு. எனக்கும் அதான் சரின்னு பட்டுச்சு. உங்கப்பா கேக்கல. சாயங்காலம் அவரே டீச்சரம்மா வீட்டுக்குப் போயி, நான்தான் கூப்பிட்டேன், என் தப்புன்னு சொல்லிட்டாரு. வாசல்ல நான் நின்னுக்கிட்டிருந்தேன். அந்தம்மா திட்டுவாங்கன்னு பாத்தேன். திட்டல. 'அது பேரை யாரு சொன்னாலும் போயிடும் சார், அவ்வளவு நம்பும்'னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. திட்டியிருந்தா உங்கப்பாவுக்குத் தேவலாமா இருந்திருக்கும்."

"அப்புறம்தான் இந்தத் தாளா?"

"மறுநாள் காலையில. எட்டு மணிக்கே வந்து ஒட்டிட்டாரு. ஊரு சிரிச்சுச்சு. சிரிக்கட்டும்னாரு. ஏன்னு யாருகிட்டயும் சொல்லல. சொன்னா அந்த டாக்டர் பேரும் வெளிய வரும், என் பேரும் வரும்."

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. டைகர் வந்தது அடுத்த வருஷம். பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு நாயைச் சாகடித்த மனிதரிடம், இது ஆஸ்பத்திரி இல்லை என்று அவள் அழுதிருக்கிறாள். அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கும் சேர்த்து இப்போது அவர்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. பெட்டியை மறுபடியும் இழுத்தாள்.

"மாமா, இரண்டாவது வரி. கூப்பிடுகிறவர் யாருன்னு. அது அட்டையில எங்க இருக்கு?"

"பின்பக்கம் பாரு. அவரா கோடு போட்ட கட்டம்."

ஓர் அட்டையைத் திருப்பினாள். பித்தான். கூப்பிடுபவர்: சின்ன மருமகள். அடுத்தது முக்கால். கூப்பிடுபவர்: தாத்தா, மாலையில் பேரன். குக்கர், கூப்பிடுபவர்: வீட்டில் எல்லாரும், நாய் கேட்பது சமையல்காரர் ஒருவருக்கு மட்டும். நாய் யாருடையது என்று அப்பா ஒரு நாளும் கேட்டதில்லை என்று பிடி மாமா சொன்னார். வாசலில் நின்று யார் கூப்பிடப் போகிறார்கள் என்றுதான் கேட்பார். பேர் வைக்கிற உரிமையும் அவர்களுக்குத்தான். அப்பன்காரன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், கூப்பிடப் போவது மகன் என்றால் அவனை அழைத்துவரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்.

நாயின் அட்டை ஒரு மணி நேரம் கழித்துக் கிடைத்தது. பேர் இல்லாத நாயை எந்த எழுத்தில் வைப்பது என்று அவரும் யோசித்திருக்க வேண்டும். 'அ'வுக்கும் முன்னால், முதல் அட்டைக்கும் முன்னால் செருகி வைத்திருந்தார். எடை, நிறம், பல் பார்த்துக் கணித்த வயது, மூன்று ஊசி, மூன்றுக்கும் தேதி. பேர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

திருப்பினாள்.

கூப்பிடுபவர்: மகள்.

பேனாவால் எழுதியது. நாய் வந்த அன்றைய தேதி. அவள் முதல் முறை போனில் ஜிம்மி என்று சொன்ன அதே நாள்.

பிடி மாமா எட்டிப் பார்த்தார். அவருக்கும் இது புதிது என்று முகத்தில் தெரிந்தது.

"அவருக்கு நெஞ்சு வலி இருந்துச்சா மாமா?"

"படி ஏறுறப்ப நிப்பாரு. கேட்டா, மூச்சு வாங்குதும்பாரு. வேற சொல்லல."

"எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாதும்மா. அவர் அப்படித்தான்."

அவர் பேர் கேட்கவில்லை. இது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த நாயை நீ வைத்துக்கொள்வாயா என்று கேட்டிருக்கிறார், மூன்று முறை, அவருக்குத் தெரிந்த பாஷையில். அவள் இரண்டு முறை விளையாடியிருக்கிறாள், ஒரு முறை தள்ளிப் போட்டிருக்கிறாள்.

நாற்காலிக்கு அடியில் நாய் ஒரு கண்ணைத் திறந்து மூடியது.

அவள் வீடு மூன்றாவது மாடி. காலை ஏழரைக்குப் போனால் மாலை ஆறரை. வீட்டுச் சொந்தக்காரர் நாய் என்றால் முகம் சுளிப்பார். இதையெல்லாம் வரிசையாக எண்ணிப் பார்த்தாள். எண்ணிய பிறகும் அட்டையைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

"மாமா, அவர் எப்படிக் கேப்பாரோ அப்படி என்னைக் கேளுங்க."

பிடி மாமா கூச்சப்பட்டார். பிறகு எழுந்து, அப்பாவின் நாற்காலியில் உட்காராமல், அதன் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டார்.

"எங்க நின்னு கூப்பிடுவ?"

"மூணாவது மாடி நடையில. நீளமான நடை. எதிரொலிக்கும்."

"அப்ப இழுத்துக் கூப்பிடுற மாதிரி இருக்கணும். வீட்ல யாரெல்லாம்?"

"நான்தான்."

"ம். சொல்லு, என்ன பேர்?"

"மாடி."

"நாள் பூரா மாடி மாடின்னு பேசுறதுதானே உன் பொழப்பு? நாயும் குழம்பும், லிஃப்ட்டும் குழம்பும். வேற சொல்லு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பதினோரு நாளில் முதல் சிரிப்பு, அது பாதியில் வேறு மாதிரி ஆனது. முகத்தைத் திருப்பி நாயைப் பார்த்தாள். சுருண்டு படுத்திருந்தது. முதுகின் பழுப்பு, ஓரத்தின் வெள்ளை.

"சோழி."

பிடி மாமா 'ச' வரிசையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "சோப்பு இருக்கு. சோடா இருக்கு. சோழி இல்ல. சரி, வா. கூடத்துக்கு வா. மூணு தடவை கூப்பிட்டுப் பாக்கணும்."

"எதுக்கு மூணு?"

"ஒண்ணு சாப்பாட்டுக்கு. ஒண்ணு கோபத்துக்கு. ஒண்ணு காணாமப் போனதுக்கு. மூணுக்கும் வாய்ல வந்தாத்தான் அது பேரும்பாரு உங்கப்பா."

கூடத்தில் ஏழெட்டுப் பேர் நாயும் பூனையுமாக உட்கார்ந்திருந்தார்கள். பிடி மாமா கூடத்தின் மறுகோடியில் நாயைப் பிடித்துக்கொண்டார். அவள் ஜன்னல் பக்கம் நின்றாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். ஒரு பூனைதான் திரும்பியது. கோபத்துக்குக் கூப்பிட்டாள். மேஜைக்கடியில் ஒளிந்திருந்த யாரோ ஒருவரின் நாய் இன்னும் உள்ளே போயிற்று.

மூன்றாவது முறை வாயைத் திறந்தாள். இந்தத் தடவை குரல் வந்தது, அவள் நினைத்ததைவிடப் பெரிதாக. கூடத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். டாக்டரம்மா கையில் ஊசியோடு கதவுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

நாய் காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

"அதுக்குத் தெரியாதும்மா, அது பேருன்னு. பத்து நாள் ஆகும்" என்றார் பிடி மாமா. "ஆனா உனக்கு வந்துடுச்சு. எழுதிக்க."

அப்பாவின் பேனாவாலேயே எழுதினாள். டாக்டரம்மா கம்ப்யூட்டரில் சோழி என்று அடித்தாள். அடுத்த பக்கம் திறந்தது. அதில் உரிமையாளர் என்று ஒரு கட்டம் இருந்தது. கூப்பிடுபவர் என்று எதுவும் இல்லை. "குறிப்புன்னு ஒரு இடம் இருக்கு, அதுல போடட்டுமா?" என்றாள் டாக்டரம்மா. இவள் போடச் சொன்னாள். எல்லா அட்டையிலிருந்தும் அதை ஏற்ற வேண்டும் என்றும் சொன்னாள். டாக்டரம்மா பெட்டிகளைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், சரி என்றாள்.

தையல்காரம்மாவிடம் போய் விஷயத்தைச் சொன்னபோது, அந்தம்மாவுக்கு முகம் வாடிவிட்டது.

"நான் மெத்தை தச்சு வச்சிருக்கேன். உறை வேற. ரெண்டு உறை."

"மன்னிச்சுக்கங்கம்மா."

"என்ன மன்னிப்பு? மெத்தையில நானா படுக்கப் போறேன்? எடுத்துக்கிட்டுப் போ. துவைக்கறப்ப வெந்நியில போடாத, சாயம் போகும்." உள்ளே போய் எடுத்து வந்தாள். நாயின் தலையை ஒரு முறை தடவினாள். "அடி ராசாத்தி, என் கடைக்கு வந்தவங்களைப் பூரா மிரட்டுனியே" என்றாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு தைக்கப் போய்விட்டாள்.

நகரத்தில் அவள் வீட்டுச் சொந்தக்காரர் எதிர்பார்த்த மாதிரியே முகம் சுளித்தார். மூன்று மாதம் பார்க்கிறேன் என்றார். அவள் ஒரு வாரம் விடுப்பு எடுத்தாள். அதன் பிறகு மதியம் அரை மணி நேரம் வந்து போகிற மாதிரி வேலையை மாற்றிக்கொண்டாள். ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் கூப்பிட்டாள். வரவில்லை. கையில் ஏதாவது இருந்தால் வந்தது. கையைப் பார்த்து வந்ததைக் கணக்கில் சேர்க்க முடியாது. பத்து நாள் போயிற்று, பன்னிரண்டு போயிற்று.

பதினேழாம் நாள் மாலை, காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். நாய் நடையின் கடைசியில், படிக்கட்டுப் பக்கம் எதையோ முகர்ந்துகொண்டிருந்தது. அவள் கூப்பிட்டாள். சாப்பாட்டு நேரம் இல்லை. கோபமும் இல்லை, காணாமலும் போகவில்லை. எதற்குக் கூப்பிட்டாள் என்று அவளுக்கே தெரியாது. நாய் தலையைத் தூக்கியது. திரும்பியது. நடை முழுவதும் நகங்கள் டக் டக்கென்று சத்தமிட, வந்து எதிரில் நின்றது.

பிடி மாமாவுக்குப் போன் செய்தாள்.

"வந்துடுச்சு மாமா."

"இரு, ஒருத்தனைப் பிடிச்சுக்கிட்டிருக்கேன். ம், சொல்லு. எது வந்துச்சு?"

"சோழி. பேர் சொன்னேன், வந்துடுச்சு. கையில ஒண்ணும் இல்ல."

"ஆங்! இப்ப என்ன பண்ணுது?"

"எதுக்குக் கூப்பிட்டன்னு பாக்குது."

"அப்ப ஏதாவது சொல்லு அதுகிட்ட. சும்மா கூப்பிட்டுட்டு விட்டா அடுத்த தடவை வராது."

அவள் போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். நாயும் உட்கார்ந்தது. வீட்டுக்குள் பேசிப் பழக்கமில்லை. துணிகளை நகர்த்தி வைத்தாள்.

"இன்னிக்கு ஒரு பதினாலு மாடிக் கட்டடம்" என்று ஆரம்பித்தாள்.